குதிகால் வலியும் கோடி ரூபாயும்

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில், புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வென்றார். பெண்கள் ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்றிலும். அப்போது அவருக்கு வயது 17. அப்பா ஆட்டோ ஓட்டுநர். தமிழக அரசு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது.

செரியன் நகரும் கொருக்குப்பேட்டையும் ஒன்றுக்கொன்று தூரமில்லை. அதனால் இந்தச் செய்தி இங்கே பேப்பரில் படித்த செய்தியாக இல்லாமல், பக்கத்துத் தெருக் கல்யாணம் மாதிரி பேசப்பட்டது. பேச்சு முடிகிற இடம் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “பாரு, அந்தப் பொண்ணு ஒரே ஆட்டத்தைப் புடிச்சுது. ஜெயிச்சுது. நம்ம புள்ள பத்து ஆட்டம் ஆடுறான். எதுல உருப்படுவான்?”

கொருக்குப்பேட்டையில் பிள்ளைகள் பத்து ஆட்டம் ஆடுவது உண்மைதான். கேட் போட்டுவிட்டால் கூட்ஸ் வண்டி போகிறவரை ஆட்டோக்களும் லாரிகளும் நிற்கும்; அந்த நேரத்தில் ஓரமாக இருக்கிற இடத்தில் பந்து உருளும். பள்ளிக்கூட மைதானத்தில் கபடி. சாயந்திரம் தெருவிளக்குக்குக் கீழே கேரம் போர்டு, போரிக் பவுடர், சுற்றிலும் பதினைந்து தலைகள். ஞாயிற்றுக்கிழமை ரப்பர் பந்து கிரிக்கெட். இதற்கெல்லாம் யாரும் பணம் கட்டுவதில்லை, யாரும் சொல்லித் தருவதுமில்லை. பெரிய பள்ளிகளில் ‘மல்ட்டி ஸ்போர்ட்’ என்று பெயர் வைத்துக் கட்டணம் வாங்குகிற விஷயம் இந்தச் சந்துகளில் சும்மா கிடைக்கிறது. இங்கே பிள்ளைகள் பல ஆட்டம் ஆட வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. ஆடுகிற ஆட்டங்களில் எதை, எப்போது, யார் சொல்லி விடுவது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டிருக்கிற ஒரு குடும்பம் கொருக்குப்பேட்டையில் இருக்கிறது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டில் பிளவுஸ் தைக்கிறார். பையனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. கால்பந்தில் கெட்டிக்காரன். ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தார்கள். மாதம் 1,500 ரூபாய். ஷூ, ஜெர்சி தனி. ஆறே மாதத்தில் கோச் அம்மாவைக் கூப்பிட்டார்.

“யக்கா, பையன் நல்லா வருவான். ஆனா ஸ்கூல் கபடி, ஓட்டப்பந்தயம் எல்லாம் கட் பண்ணிடுங்க. ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு நின்னா ஒண்ணும் ஆவாது.”

திங்கள் முதல் வெள்ளி வரை தினம் இரண்டரை மணி நேரம். சனி, ஞாயிறு மேட்ச், மூன்று மூன்று மணி நேரம். கபடி நின்றது. கேரம் போர்டு பக்கமே பையன் போகவில்லை, தூக்கம்தான். மூன்றாவது மாதம் காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்ற முடியாமல் நொண்டினான். கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். சாயந்திரம் பயிற்சி முடிந்து வந்தால் மறுபடி வலி.

வீட்டில் அதற்கு இரண்டு வைத்தியம் சொல்லப்பட்டது. பாட்டி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். அப்பா, “வலிக்காம எவன் பெரியாளு ஆனான்? அந்தப் பொண்ணு ஒரே ஆட்டம் ஆடிதானே கோடி ரூபா வாங்குச்சு?” என்றார்.

அம்மா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “கேரம் ஆடுனா குதிகாலு வலிக்குமாய்யா?”

ரொம்பச் சரியான கேள்வி. விளையாட்டு மருத்துவம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதன் சாரம் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

கேரமும் செஸ்ஸும் கையும் கண்ணும் மூளையும் ஆடுகிற ஆட்டங்கள். சின்ன வயதிலேயே ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் அதையே ஆடினால் பலன் உண்டு. வளர்கிற எலும்புக்கு அதில் பெரிய ஆபத்தும் இல்லை. 2024 டிசம்பரில் 18 வயதில் செஸ் உலக சாம்பியன் ஆன சென்னைப் பையன் குகேஷ், நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. வேறு எந்த ஆட்டத்துக்காவது அப்படிச் செய்தால் பெற்றவர்களை ஊர் திட்டியிருக்கும். செஸ்ஸில் அது பலித்தது.

கேரமுக்கு வடசென்னையில் நீண்ட கதை இருக்கிறது. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். இரண்டு முறை உலக சாம்பியனான சென்னைக்காரர் மரிய இருதயம், கேரமுக்காக 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினார். 2008-ல் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனார். பிறகு காசிமா.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இளவழகியும் காசிமாவும் பெண்கள். இந்தப் பகுதியில் பெண் பிள்ளைகள் ஏழாவது, எட்டாவது வரை கோ-கோ, எறிபந்து, ஓட்டம் என்று எல்லாம் ஆடுவார்கள். வயதுக்கு வந்ததும் மைதானம் நின்றுபோகும். பையனுக்கு ‘ஒரு ஆட்டமா, பல ஆட்டமா’ என்று வீடு விவாதிக்கும். பெண்ணுக்கு ஒரு ஆட்டம்கூட மிஞ்சாது. கேரம் போர்டு கூரைக்குக் கீழே, அப்பா அண்ணன் கண் முன்னால் இருக்கிற ஆட்டம். அதனால் அது தப்பிக்கிறது. நம்ம குடும்பத்துப் பையனின் அக்காவும் எட்டாம் வகுப்பு வரை பள்ளி கோ-கோ டீமில் இருந்தவள். அவளை நிறுத்தியபோது வீட்டில் இவ்வளவு பேச்சு நடக்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பையனின் குதிகாலுக்கு வருவோம். அரசு மருத்துவமனை டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, “எத்தனை நாள் விளையாடுறான்?” என்றுதான் முதலில் கேட்டார். அவர் விளக்கியது இது: பத்திலிருந்து பதினாலு வயதுக்குள் பையன்கள் விறுவிறுவென்று உயருவார்கள். எலும்பு நீளுகிற வேகத்துக்குத் தசையும் நரம்பும் ஈடு கொடுக்காது. குதிகால் எலும்பில் வளர்ச்சி நடக்கிற இடம் அந்த வயதில் இன்னும் மென்மையாக இருக்கும். கெண்டைக்காலிலிருந்து இறங்கி வருகிற தசைநாண் அந்த இடத்தைத்தான் பிடித்து இழுக்கிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் இழுப்பு அதிகம். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓய்வு கொடுக்க வேண்டும்.

கிரிக்கெட்டில் இதே விஷயம் முதுகுக்குப் போகிறது. வேகப்பந்து வீசுகிற விடலைப் பையன்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவது உலகமெங்கும் தெரிந்த தொல்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் எந்த வயதுப் பையன் ஒரு நாளில் எத்தனை ஓவர் போடலாம் என்று கணக்கே வைத்திருக்கிறது. நம்ம தெருக் கோச்சுகளில் எத்தனை பேர் ஓவர் எண்ணுகிறார்கள்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் இதைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தது. ஒரே விளையாட்டில் இறங்குவதைப் பொதுவாக 15, 16 வயது வரை தள்ளிப்போடலாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். வருஷத்தில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, அந்தக் குறிப்பிட்ட விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்றது. ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி சீக்கிரம் தொடங்கியே ஆக வேண்டிய விளையாட்டுகள் தனி ரகம். அதிலும்கூட சின்னப் பிள்ளைகளைப் பிழிகிறார்கள் என்று எழுந்த கவலையில், உலகப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 1997-ல் 16 ஆக உயர்த்திவிட்டார்கள்.

இன்னொரு கணக்கு பெற்றோர் கையிலேயே வைத்துக்கொள்ளக்கூடியது. சிகாகோ பக்கத்து மருத்துவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்துச் சொன்னது: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறையான பயிற்சி வேண்டாம், தாண்டினால் அடிபடுகிற வாய்ப்பு கூடுகிறது. நம்ம பையனுக்கு 12 வயது. ஐந்து நாள் இரண்டரை மணி என்றால் பன்னிரண்டரை. சனி ஞாயிறு ஆறு. ஆக மொத்தம் பதினெட்டரை மணி நேரம். அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிளவுஸ் தைக்கிறவருக்கு அரை இஞ்ச் கூடினால் என்ன ஆகும் என்று தெரியும். இங்கே ஆறரை மணி கூடியிருந்தது.

அப்பாவின் கவலை உடம்பைப் பற்றியது அல்ல. பின்தங்கிவிடுவானோ என்பதுதான். அதற்கும் பதில் இருக்கிறது, ஆனால் கேட்கிறவருக்கு முதலில் நம்பிக்கை வராது. ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களின் சிறுவயதுப் பயிற்சி விவரங்களைத் திரட்டி, 2021-ல் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 772 பேர் உலகத் தரத்தில் உச்சிக்குப் போனவர்கள். பதின்ம வயதில் கோப்பை வாங்கியவர்கள் சீக்கிரமே ஒரு விளையாட்டைப் பிடித்து நிறையப் பயிற்சி எடுத்தவர்களாக இருந்தார்கள். பெரியவர்களானதும் உலகத்தை ஜெயித்தவர்களோ சிறுவயதில் மற்ற விளையாட்டுகளையும் அதிகம் ஆடி, தங்கள் விளையாட்டுக்குச் சற்றுத் தாமதமாக வந்து, ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள். 12 வயதுக் கோப்பைக்கும் 22 வயதுக் கோப்பைக்கும் பாதை வேறு என்று அர்த்தம். பயிற்சி மையத்துக்கு 12 வயதுக் கோப்பை வேண்டும். அதைக் காட்டித்தான் அடுத்த வருஷ அட்மிஷன். கோச்சைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் வாடகை கட்ட வேண்டும். ஆனால் அவருடைய தேவையும் பையனுடைய தேவையும் ஒன்றல்ல.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு கதையைத் தட்டிவிடுவது நல்லது. தென்னாப்பிரிக்காவின் டி வில்லியர்ஸ் ஹாக்கி, நீச்சல், பேட்மின்டன் என்று எல்லாவற்றிலும் தேசிய அளவில் கலக்கியவர் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. அதில் பெரும்பகுதி கட்டுக்கதை என்று அவரே தன் சுயசரிதையில் சிரித்துக்கொண்டு எழுதிவிட்டார். பல ஆட்டம் நல்லது என்பதற்குப் பொய் சாட்சி தேவையில்லை. சேலம் பக்கத்து மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர். உயரம் தாண்டிப் பார் என்றது உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம். மேற்கு மாம்பலம் அஸ்வின் தொடக்க ஆட்டக்காரராகவும் மிதவேகப் பந்து வீச்சாளராகவும் இருந்து, அடிபட்ட பிறகே சுழலுக்கு வந்தார். அவர் மாறியது ஆட்டத்துக்குள்ளேதான் என்றாலும், பன்னிரண்டு வயதில் ‘நீ இதுதான்’ என்று முத்திரை குத்தியிருந்தால் 500-க்கு மேல் டெஸ்ட் விக்கெட் எடுத்த ஒரு சுழல் பந்து வீச்சாளர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

ஒரே ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இக்கட்டு என்றால் சென்னையில் சொல்ல வேண்டிய பெயர் எம்.ஜே.கோபாலன். இன்றைய பெற்றோர் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. 1909-ல் பிறந்தவர், திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். வேகமாகப் பந்து வீசுவார். ஹாக்கியும் ஆடுவார். இரண்டையும் விடாமல் ஆடினார், இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடினார். 1934 ஜனவரியில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் டெஸ்ட். அதே ஆண்டு நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மதராஸும் மைசூரும் மோதியது. அந்தக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் இவர்தான். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது தனிக்கதை. அடுத்த ஆண்டு, 1935-ல், தயான் சந்தோடு நியூசிலாந்துக்கு ஹாக்கி ஆடப் போனார்.

1936-ல் சோதனை வந்தது. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக்குக்கான ஹாக்கி அணி. மறுபக்கம் இங்கிலாந்துக்குப் போகிற கிரிக்கெட் அணி. இரண்டும் ஒரே கோடையில். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை ஆட விடவில்லை. ஆகஸ்ட் 15-ம் தேதி பெர்லினில் தயான் சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என்று நொறுக்கித் தங்கம் வாங்கியது.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலரும் ‘ஐயோ, தப்பாத் தேர்ந்தெடுத்துட்டாரே’ என்று உச்சுக் கொட்டுவார்கள். இருக்கட்டும். ஆனால் அவர் அந்த முடிவை எடுத்தபோது அவருக்கு வயது 26, 27. வளர்ந்த மனிதர், சொந்தமாக எடுத்த முடிவு. பன்னிரண்டு வயதில் யாராவது அவரிடம் ஹாக்கி மட்டையைப் பிடுங்கியிருந்தால் ஒலிம்பிக் அழைப்பே வந்திருக்காது. பந்தைப் பிடுங்கியிருந்தால் ரஞ்சியின் முதல் பந்து இல்லை. தேர்ந்தெடுக்க இரண்டு இருந்ததே, பல வருஷம் இரண்டையும் ஆட முடிந்ததால்தான். பின்னாளில் மதராஸும் இலங்கையும் ஆடிய கிரிக்கெட் கோப்பைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2003-ல் 94 வயதில் சென்னையில் காலமானார்.

அவர் காலம் வேறு, இந்தக் காலம் வேறு என்று கொருக்குப்பேட்டை அப்பா சொல்வார். அதில் நியாயம் இருக்கிறது. இங்கே விளையாட்டு என்பது பொழுதுபோக்கோ புகழோ மட்டும் அல்ல, சர்டிஃபிகேட். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. தண்டவாளத்தைப் பார்த்தபடி வளர்கிற பிள்ளைக்கு அந்த வேலையின் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்லூரி இடமும் அப்படித்தான். இவை எல்லாம் ‘நாலு ஆட்டம் சுமாராக ஆடுவான்’ என்பவனுக்குக் கிடைக்காது. ஒரு ஆட்டத்தில் மாநிலம், தேசியம் என்று காகிதம் வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் சேரவும் ஒரு விளையாட்டைக் குறிப்பிட்டுத்தான் விண்ணப்பம் போட வேண்டும். விடுதியில் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் கிடைக்கும். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் இதைக் கணக்குப் போடாமல் எப்படி இருப்பார்? ‘எல்லாம் ஆடட்டும்’ என்று வசதியானவர்கள் சொல்வது சுலபம். அவர்கள் பிள்ளைக்கு ஆட்டம் கைவிட்டாலும் வேறு கதவு திறந்திருக்கும்.

ஆனால் அந்தக் காகிதம் கணக்கில் வருவது பெரும்பாலும் பள்ளிக் கடைசி வருஷங்களிலும் கல்லூரியிலும்தான். ஏழாம் வகுப்பில் வாங்கிய கேடயத்தை எந்த வேலைக்கான நேர்காணலிலும் யாரும் கேட்பதில்லை. காகிதம் தேவைப்படுகிற வயதில் முழங்காலும் குதிகாலும் ஆசையும் மிச்சமிருக்க வேண்டும். ஆசை என்பதை அடிக்கோடு போட்டுப் படிக்கலாம். பதினாலு வயதில் ‘பந்தைப் பார்த்தாலே வெறுப்பா இருக்கு’ என்று ஷூவைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்ட பிள்ளைகள் எந்தத் தெருவிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்கள் அப்பாக்கள் கட்டிய ஃபீஸ் எல்லாம் அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

அம்மா கோச்சைப் பார்க்கப் போனார். கூடவே அப்பாவும் போனார், ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை.

“சார், வாரத்துக்கு மூணு நாள் அனுப்புறேன். சனிக்கிழமை மேட்ச்சு. ஞாயித்துக்கிழமை வேணாம். டாக்டர் ஒரு மாசம் ஓட வேணாம்னு சொல்லியிருக்காரு, அது முடிஞ்சப்புறம்.”

“அப்படின்னா அண்டர்-13 டீம்ல எடுக்க முடியாது யக்கா. மத்த பசங்க தினமும் வரானுங்க.”

“எடுக்காட்டிப் போவுது சார். ஆட வுடுங்க, போதும்.”

கோச் ஒத்துக்கொண்டார். ஃபீஸை மட்டும் குறைக்கவில்லை. பையன் இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. டீம் ஜெர்சியில் நம்பர் 8 அவனுக்குப் போட்டிருந்தார்கள், அது வேறொருவனுக்குப் போய்விட்டது. ஓட வேண்டாம் என்ற அந்த ஒரு மாதம் அவன் தெருவிளக்குக்குக் கீழேதான் இருந்தான். ரெட் விழுந்தால் ஃபாலோ போட வேண்டும் என்ற பதற்றமில்லாமல், அக்காவுக்கும் ஸ்ட்ரைக்கரைக் கொடுத்து ஆடினான். அவள் அவனைவிட நன்றாக ஆடுகிறாள் என்பது வீட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது.

குதிகால் இப்போது தேவலை. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அவனை மறுபடி கபடியில் சேர்த்திருக்கிறார். விளையாட்டு விடுதிக்கு அடுத்த வருஷமே விண்ணப்பம் போடலாம் என்கிறார் அப்பா. ஒன்பதாவதிலும் போடலாமே, அதுவரைக்கும் இருக்கட்டும் என்கிறார் அம்மா. எந்த ஆட்டத்தின் பெயரை எழுதுவது என்று இரண்டு பேருமே இன்னும் பையனிடம் கேட்கவில்லை.